கூட்டு முயற்சியும் சந்தைப் போட்டியும்



பலர் ஒன்றுகூடி எழுதி, எவரும் எடுத்தாளத் திறந்து வைக்கும் மென்பொருள், விற்பனைப் போட்டியில் ஒரு பொருளுக்குக் கைகொடுக்குமா? இவ்வினாவை எம்பி3 பிளேயர் எனப்படும் கையடக்க ஒலிக்கருவியைக் கொண்டு ஆராய விரும்புகிறேன்.

பிரான்ஸ் நாட்டின் ஆர்க்கோஸ் நிறுவனம், ஐபாடுக்கு முன்பே வன்தட்டு பொருத்திய ஜூக்பாக்ஸ் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மென்பொருளில் நிறைவு காணாத சுவீடன் நிரலாளர்கள் சிலர், 2001-இல் மாற்று மென்பொருளை எழுதத் தொடங்கினர். ராக்பாக்ஸ் என்பது அதன் பெயர். கருவியின் உள்ளமைப்பை அவர்கள் தாமே ஆராய்ந்து கண்டறிய வேண்டியிருந்தது. நாளடைவில் பல நாட்டவரும் இப்பணியில் இணைந்தனர். ஐரிவர், சான்டிஸ்க், ஐபாட் கருவிகள் பலவற்றிலும் ராக்பாக்ஸ் இயங்கலாயிற்று. பட்டியல்களைக் குரலால் படித்துக் காட்டும் வசதியையும் அது அளித்தது. பார்வையற்றோர் பிறர் துணையின்றிப் பாடலைத் தேர்ந்து கேட்க இதனால் வழி பிறந்தது.

எனினும், இம்மென்பொருளால் ஆர்க்கோஸ் சந்தையை வெல்லவில்லை. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, ராக்பாக்ஸ் கடையில் விற்ற பெட்டிக்குள் இருக்கவில்லை. வாங்கியவரே பின்னர் அதை நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது, போட்டியாளரின் கருவியிலும் அது இயங்கியதால், அதன் பயன் ஒரு நிறுவனத்திற்கு மட்டும் உரியதாகவில்லை. மூன்றாவது, போட்டியின் களமே மாறியது. 2003-இல் ஆப்பிள் தொடங்கிய ஐடியூன்ஸ் இசைக் கடை, இசைத்தட்டு நிறுவனங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் மேல் எழுந்தது. நிரல் எழுதுவோரின் உழைப்பு அத்தகைய ஒப்பந்தங்களுக்கு ஈடாகாது.

உற்பத்தியாளரே கூட்டு முயற்சியில் பங்கேற்கும்போது நிலைமை வேறாகிறது. லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட ஆண்ட்ராய்டு, 2008-இல் கைபேசியில் வெளிவந்தது. பல நிறுவனங்கள் அதன்மீது தத்தம் பொருள்களை அமைத்தன. 2013-இல் சோனி வெளியிட்ட ஸெட்எக்ஸ்1 வாக்மேனும் ஆண்ட்ராய்டிலேயே இயங்கியது. பொதுவான மென்பொருளை யாவரும் பகிர்ந்துகொண்டு, ஒலித்தரம், வடிவமைப்பு, விலை ஆகியவற்றில் போட்டியிடுவதே இம்முறை. ஆகவே, கூட்டு முயற்சி செலவைக் குறைக்கும், தரத்தை உயர்த்தும், ஆனால் வெற்றியைத் தானாகக் கொண்டுவராது.

ஐபாட் உற்பத்தியை ஆப்பிள் 2022-இல் நிறுத்தியது. ஆயினும், பழைய ஐபாடுகள் பல ராக்பாக்ஸின் துணையோடு இன்றும் பாடுகின்றன. விற்பனைக் கணக்கில் சேராத இப்பயன், பொது நலனில் அக்கறை கொண்டோருக்குப் பெரிதாகும்.

இந்திய அரசு 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. அரசுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கருவிகளை வாங்கும்போது, அவற்றின் உள்ளமைப்பு விவரங்களை வெளியிடுமாறு உற்பத்தியாளரைக் கோருவது அதன் அடுத்த படியாக அமையலாம். நிறுவனம் கைவிட்ட பின்னரும் கருவி மாணவரின் கையில் உழைக்க அதுவே வழி.