இளமீனும் நெல்வயலும்



கலிபோர்ணியாவின் சக்கரமெந்தோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் உங்களைப் போலவே நெல் விளைவிப்போர் பலர் உளர். அவ்வாற்றிற் பிறக்கும் சாமன் மீன் கடலிற் சென்று வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே மீளும். அணைகள் அதன் வழியை மறித்தன. கரைக்கட்டுகள் வெள்ளம் பரவும் தாழ்நிலங்களை ஆற்றினின்றும் பிரித்தன. மீன் அருகிற்று.

கடல் நோக்கிச் செல்லும் இளமீன்கள் எவ்விடத்தில் மடிகின்றன? இதனை அறிய, ஓரங்குலமும் இல்லாத ஓசைக் கருவியொன்றை இளமீனின் வயிற்றைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிடுவர். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் குறியோசை உண்டு. ஆற்றில் ஆங்காங்கே அமிழ்த்திய கேள்கருவிகள், எந்த மீன் எப்பொழுது கடந்ததென்று பதிந்துகொள்ளும். அதற்கப்பால் ஓசை கேளாவிடின், மீன் இடையில் மடிந்ததெனக் கணிப்பர். பண்ணையிற் பொரித்த மீன்களை 2007 முதல் இவ்வாறு தொடர்ந்தனர். 2010 வரை, நீர் குன்றிய நான்கு ஆண்டுகளிலும் நூற்றுக்கு 6கூடக் கடலை எட்டவில்லை. ஆறு பெருகிய 2011இல் ஏறத்தாழ 16 எட்டின.

வெள்ளநிலம் இழந்த மீனுக்கு வயல் உதவுமா? அங்கு அறுவடையின்பின் மாரியில் வயல்களில் நீர் தேக்கி வைக்கோலை மட்கவிடுவர். 2012 முதல் அந்நீரில் சாமன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தனர். மட்கும் தாளிற் பெருகிய நுண்ணிய நீருயிர்களைத் தின்று அவை விரைவாகக் கொழுத்தன. நாமோ அவ்வைக்கோலுக்குத் தீ வைக்கிறோம்! சூடடித்த வைக்கோலை எரியாது, வயலிற் பரப்பி, முதலுழவில் மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள்.