மருத்துவரும் மன்றாட்டும்



கடவுளை நம்புகிறவன் நோயுற்றால் மருத்துவரை நாடலாமா? நாடினால் அவன் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று பொருளா? இக்கேள்வி மிகப் பழையது. விவிலியத்தின் ஞான நூல்கள் இதற்கு என்ன விடை தருகின்றன என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

ஞான நூல்களுள் ஒன்று நீதிமொழிகள். இறைவனுக்கு அஞ்சித் தீமையை விலக்குவது உடலுக்கும் எலும்புக்கும் நலம் பயக்கும் என்பது அந்நூலின் கொள்கை. மகிழ்ந்த உள்ளத்தை அது மருந்தாகக் காண்கிறது; பொறாமையை எலும்பை அரிக்கும் நோயாகக் காண்கிறது. இதில் மாயம் ஏதுமில்லை. இறையச்சம் ஒருவனை அளவறிந்து உண்ணவும், சினத்தை அடக்கவும், கவலையின்றி உறங்கவும் பழக்குகிறது. அப்பழக்கம் உடலைக் காக்கிறது.

ஆனால், நல்லவனும் நோயுறுகிறானே! அப்பொழுது என் செய்வது? யூதாவை ஆண்ட ஆசா என்னும் அரசன் தன் ஆட்சியின் 39-ஆம் ஆண்டில் கால்நோயால் பெரிதும் வருந்தினான். அந்நிலையிலும் அவன் ஆண்டவரை விடுத்து மருத்துவரையே தேடினான் என்று நாளாகமம் குறைகூறும் தொனியில் எழுதி வைத்துள்ளது. இதைப் படிப்பவர், மருத்துவரை நாடுவதே குற்றம் என்று முடிவு கட்டிவிடக்கூடும்.

அந்த ஐயத்துக்குத் தெளிவான விடை பென் சீராவிடம் கிடைப்பதாக நான் கருதுகிறேன். எருசலேமில் வாழ்ந்து, ஏறத்தாழக் கி.மு. 180-இல் தம் நூலை எபிரேயத்தில் இயற்றியவர் அவர். அவருடைய பேரர் எகிப்துக்குச் சென்று அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். கத்தோலிக்கரின் விவிலியத்தில் அது 'சீராக்கின் ஞானம்' என்னும் பெயரோடு இடம்பெற்றுள்ளது.

அந்நூலின் 38-ஆம் அதிகாரத்தில் அவர் வாதிடும் முறையைப் பாருங்கள். மருத்துவரைப் படைத்தவர் ஆண்டவர். மண்ணிலிருந்து மருந்தை விளைவித்தவரும் அவரே. ஆதலின் அறிவுடையோன் அதை இகழான். மோசேயின் காலத்தில், பாலைநிலத்தில் கசந்த நீரை ஒரு மரம் இனிதாக்கிய நிகழ்ச்சியை அவர் சான்று காட்டுகிறார். பின்னர் நோயாளியின் கடமைகளை வரிசைப்படுத்துகிறார்: இறைவனை மன்றாட வேண்டும், குற்றத்தை விட்டொழிக்க வேண்டும், காணிக்கை செலுத்த வேண்டும், மருத்துவருக்கும் இடங்கொடுக்க வேண்டும். இவற்றுள் ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை. நோயை அறியவும் அதைத் தீர்க்கவும் மருத்துவரும் இறைவனை வேண்டுகிறார் என்று அவர் சேர்த்துரைப்பது எத்துணை நுட்பமானது!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம்பிக்கை நலம் தரும் என்பதைத் தலைகீழாகத் திருப்பி, நோயாளி நம்பிக்கையற்றவன் என்று சொல்வது பெருங்கொடுமை. உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவைக் காண நண்பர் மூவர் வந்தனர். ஏழு நாள் அவர்கள் வாய் திறவாது உடனிருந்தனர். அவர்கள் செய்த நன்மை அதுவே. பின்னர், உன் துன்பம் உன் பாவத்தின் பயனே என்று வாதிடத் தொடங்கினர். இறுதியில் இறைவன் யோபுவையும் கடுமையாக வினவினார். எனினும், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர் சினந்தது அந்நண்பர்கள்மீதுதான்.

மாணவர் விடுதியில் உங்கள் தோழன் காய்ச்சலுற்றுப் படுத்திருக்கலாம். அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். அவன் என்ன தவறு செய்தான் என்று ஆராயும் வேலையை மட்டும் மேற்கொள்ளாதீர்கள். அது யோபுவின் நண்பர்கள் செய்து தோற்ற வேலை.