கடற்பயணம்: கண்டதும் கற்றதும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இவ்வவையில் இலக்கியம் பேச எங்களுக்குத் தகுதியில்லை. சென்ற டிசம்பரில் நாங்கள் குடும்பத்தோடு மேற்கொண்ட கடற்பயணத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். "காலனியில் பலர் விசாரிக்கிறார்கள், பார்த்ததையும் சொல்லுங்கள், பட்டதையும் சொல்லுங்கள்" என்றார். அந்த முறைப்படியே சொல்ல முற்படுகின்றோம்.

கப்பல் தமிழனுக்குப் புதிதன்று. நாவாய், வங்கம், கலம், தோணி என்று அதற்கு எத்தனையோ பெயர் வைத்தவர்கள் நாம். நம் கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலேயரும் தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரனார் கப்பல் தேடி வந்ததும் இந்த மும்பைக்குத்தான். 1926 முதல் 1973 வரை 'ராஜுலா' என்ற கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்களைச் சுமந்து சென்றது. ஆனால் அவையெல்லாம் பிழைப்பைத் தேடி ஏறிய கப்பல்கள். தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கண்ணீரோடு கரையைப் பார்த்துச் சென்ற பயணங்கள்.

விடுமுறைக்காகக் கப்பலேறுவது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அண்மையில் வாய்த்ததே. 2018 அக்டோபரில் 'ஆங்ரியா' என்ற கப்பல் மும்பைக்கும் கோவாவுக்கும் இடையே புறப்பட்டுச் சில காலம் ஓடியது. 2021 செப்டம்பரில் பெரிய உல்லாசக் கப்பலொன்று மும்பையைத் தளமாகக் கொண்டு பயணம் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் அத்தகைய பயணம் தொடங்கிற்று. 2025 செப்டம்பரில் நம் மும்பைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்களுக்கென்றே ஒரு பன்னாட்டு முனையம் திறந்துவைக்கப்பட்டது. வாஷியில் வண்டியேறினால் ஒரு மணி நேரத்தில் சென்று சேரும் தூரத்தில் கடல் நமக்காகக் காத்திருக்கிறது.

எங்களை இப்பயணத்துக்குத் தூண்டியவர் எங்கள் தந்தையார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் ஒருபோதும் எதையும் கேட்டவரல்லர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, அலெக்சாண்டிரா கப்பல்துறை என்று முன்பு பெயர் பெற்றிருந்த இந்திரா கப்பல்துறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மூட்டை ஏற்றி இறக்கியவர். 1992-இல் வாஷிக்கு ரயில் வந்த பிறகு, கையில் இருந்ததைத் திரட்டி இங்கே ஒரு சிறு வீடு வாங்கினார். அவர் கை படாத சரக்கில்லை. ஆனால் ஒரு கப்பலிலும் பயணியாக ஒரு நாழிகையேனும் சென்றதில்லை. எழுபத்தெட்டு வயதாகிவிட்ட அவரைக் கப்பலில் அழைத்துச் செல்வது என்று அஞ்சலகத்தில் இரண்டாண்டுகள் மாதந்தோறும் பணம் கட்டிச் சேர்த்தோம்.

செய்தியைச் சொன்னபோது அவர் மகிழவில்லை. "எய்யா, நான் கப்பல்ல சரக்கு ஏத்துன ஆளு, கப்பல்ல ஏறுத ஆளு இல்ல. அந்தத் துட்ட பேத்தி படிப்புக்கு வை" என்றார். தாயார்தாம் அவரை இசையவைத்தார். "ஒங்களுக்காக இல்லாட்டியும் எனக்காக வாங்க. மூணு நாளு அடுப்பு பத்தவைக்காம இருந்து பாக்குதேன்" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல அவரால் இயலவில்லை.

இனி நாங்கள் பட்டவற்றைச் சொல்கின்றோம்.

முதலாவது, பெயர். நம்மவர்க்கு முதலெழுத்து உண்டு; குடும்பப் பெயர் இல்லை. படிவமோ இரண்டு பெயர் கேட்கிறது. நாங்கள் தந்தையாரின் ஊர்ப்பெயரை முன்னே இட்டுச் சீட்டுப் பதிவு செய்தோம். அவருடைய ஆதார் அட்டையிலோ பாட்டனாரின் பெயர் முன்னே நிற்கிறது. துறைமுக வாயிலில், "இது வேறு ஆள் பெயர்" என்று நிறுத்திவிட்டார்கள். நாற்பது நிமிடங்கள் அவர் தனியே ஒதுங்கி நின்றார். "முப்பத்தெட்டு வருசம் இந்தக் கேட்டுக்குள்ள போயி வந்திருக்கேன், ஒருத்தனும் என்ன நிறுத்துனதில்ல" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தச் சொல் எங்களை அறுத்தது. முடிவில் அவர் சட்டைப் பையிலிருந்த ஓய்வூதிய அட்டைதான் காப்பாற்றியது. அதில் இரு பெயர்களும் இருந்தன, படமும் இருந்தது. அதைப் பார்த்த காவலர் எழுந்து நின்று, "உள்ளே வாருங்கள், பாபா" என்று மராத்தியில் அழைத்தார். அந்தக் காவலர் வாழ்க! ஆனால் தவறு எங்களுடையதே. அன்பர்களே, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். மூல அட்டையையே எடுத்துச் செல்லுங்கள். இலட்சத்தீவுக்குச் செல்லும் பயணமாயின் நுழைவு அனுமதி வேண்டும். இலங்கை முதலிய அயல்நாடுகளுக்குக் கடவுச்சீட்டு வேண்டும்.

இரண்டாவது, நேரம். புறப்படும் நேரம் வேறு, வாயில் அடைக்கும் நேரம் வேறு. கப்பல் எவர்க்காகவும் காத்திராது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்பர் பாதையில் மெகா பிளாக் வருவது நாம் அறிந்ததே. அன்று பயணமாயின் முதல் நாளே ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். அல்லது விடியற்காலையிலேயே வாடகை வண்டியில் கிளம்பிவிடுங்கள். கோவாவில் இறங்கிச் சுற்றும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். திரும்பி ஏறவேண்டிய நேரத்தைத் தாளில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மருந்து. பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொண்டு, பின்னர் அறைக்கு அனுப்புகிறார்கள். அது வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். தந்தையாரின் சர்க்கரை நோய் மாத்திரைகளை நாங்கள் பெட்டியில் வைத்துவிட்டோம். பெட்டி இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தது. அதுவரை அவருக்கு உணவு கொடுப்பதா, கொடாதிருப்பதா என்று தவித்தோம். மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. கப்பலில் மருத்துவர் உண்டு; ஆயினும் கட்டணமும் உண்டு. முதியோரை அழைத்துச் செல்பவர்கள் பயணக் காப்புறுதி எடுத்துக்கொள்வது நலம். கப்பல் கரையை அணையாமல் நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கும் இடங்களும் உண்டு. அங்கே முழங்கால் வலியுள்ளவர்கள் இறங்குவது கடினம் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, பணம். விளம்பரத்தில் கண்ட கட்டணத்தைப் பார்த்துக் கணக்கிட்டோம். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்க்கான அன்பளிப்பு என்று சேர்ந்தபோது அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. குளிர்பானம், இணையம், கரையில் சுற்றிப்பார்ப்பது யாவும் தனிச்செலவு. ஆகவே மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கரை மறைந்ததும் கைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் கோபுரத்தோடு அது தானே இணைந்துகொண்டால், வீட்டுக்கு வந்தபின் கட்டணச்சீட்டு நம்மை மூழ்கடித்துவிடும்.

ஐந்தாவது, பருவமும் உடல்நலமும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் சீறும் காலம். 1947 ஜூலை 17 அன்று மும்பையிலிருந்து ரேவசுக்குச் சென்ற 'ராம்தாஸ்' என்ற நீராவிக் கப்பல் மழைக்காலக் கடலில் கவிழ்ந்து, அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்றைய கப்பல்கள் பன்மடங்கு பெரியவை. எனினும் கடல் அதே கடல்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வது முதியோர்க்கு ஏற்றது. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. பலகணி உள்ள மேல்தள அறைக்கு ஆசைப்பட்டு நாங்கள் கூடுதல் பணம் கொடுத்தோம். முதலிரவில் தாயார் தலை தூக்கவில்லை. உள்காது அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத சுவரைப் பார்க்கிறது. இரண்டும் முரண்படுவதால் வருவதே இக்குமட்டல். வெளியே வந்து தொடுவானத்தை நோக்கினால் தணியும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. மாத்திரை வேண்டுமாயின் மருத்துவரைக் கேட்டு, புறப்படுமுன்பே விழுங்க வேண்டும். தாயாரை மறுநாள் தேற்றியது சுக்குக் கஷாயப் பொடி. அதையும் அவரேதான் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்!

உணவுக் கூடத்தில் சைவமும் உண்டு, அசைவமும் உண்டு; சோறும் தயிரும் குறைவின்றிக் கிடைத்தன. ஆயிரம் பேர் தொடும் கரண்டியை நாமும் தொடுகிறோம் என்பதால், உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்குக் கையில் தடவும் திரவம் மட்டும் போதாது.

ஆறாவது, பாதுகாப்புப் பயிற்சி. ஏறிய அன்றே எல்லோரையும் அழைத்து உயிர்காப்பு அங்கியைப் பற்றிச் சொல்வார்கள். ஏழு குறு ஒலியும் ஒரு நெடிய ஒலியும் கேட்டால் எங்கே கூடவேண்டும் என்று காட்டுவார்கள். பலர் அதைக் கேளாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதியபோது முப்பத்திரண்டு உயிர்கள் போயின. அன்று ஏறியவர்களுக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பின்னரே, புறப்படுமுன்னோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று பன்னாட்டு விதி இறுக்கப்பட்டது. உயிர் கொடுத்துப் பெற்ற விதி அது; அரைமணி நேரம் கொடுத்துக் கேட்பது நம் கடமை.

பட்டது இவ்வளவு. பார்த்ததையும் சொல்ல வேண்டுமல்லவா?

கப்பல் கரையை விட்டு நகர்ந்த மாலையில் தந்தையார் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். அதுவரை பேசாதிருந்தவர் பேசத் தொடங்கினார். கப்பல்துறைக்குள் கதவடைத்து நீரை ஒரே மட்டத்தில் நிறுத்தும் முறையைப் பேத்திக்கு விளக்கினார். கையில் கொக்கியோடு கப்பல் வயிற்றுக்குள் இறங்கியதையும், கந்தக மூட்டையின் நெடி கண்ணைக் கரித்ததையும், அரிசி மூட்டை வந்த நாளில் எல்லோரும் மகிழ்ந்ததையும் சொன்னார். எதிர்க்கரையில் நவாசேவாத் துறைமுகத்தின் பெரும் பாரந்தூக்கிகள் விளக்கெரிய நின்றன. 1989-இல் அத்துறைமுகம் திறந்தபின் சரக்கெல்லாம் பெட்டி பெட்டியாக அங்கே போயிற்று. "அந்தா நிக்கே, அது ஒத்தையா நாலு கேங்க் ஆளு வேலயப் பாக்கும்" என்றார். வருத்தமா, வியப்பா என்று எங்களால் அறியக்கூடவில்லை. இந்தியா வாயிலும் கொலாபாவும் பின்னே சென்றன. தென்முனையில் பிராங்ஸ் கலங்கரை விளக்கம் சுழன்று ஒளிர்ந்தது. "இவ்வளவு காலமா மும்பைய முதுகுப் பக்கமாவே பாத்திருக்கேன், இன்னிக்குத்தான் மொகத்தப் பாக்குதேன்" என்றார். நாற்பதாண்டுகளாக அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் நாங்கள், அவர் வேலையைப் பற்றி அறிந்ததைவிட அந்த ஒரு மணி நேரத்தில் அறிந்தது மிகுதி.

தாயாரோ இரண்டாம் நாள் காலையில், எவரோ கொண்டுவந்து வைத்த காபியைக் குடித்துவிட்டு, காலை நீட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்து நாங்கள் கண்டது அன்றுதான்.

திரும்பி வந்த விடியலில் தந்தையார் நான்கு மணிக்கே எழுந்துவிட்டார். கப்பல் கரையை நெருங்கியது. மேலிருந்து மெல்லிய கயிற்றை வீசினார்கள். கீழே நின்ற தொழிலாளர்கள் அதைப் பிடித்து, அதன் நுனியில் கட்டிய பெருங்கயிற்றை இழுத்துத் தூணில் மாட்டினார்கள். பயணிகள் எல்லோரும் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தனர். எங்கள் தந்தையார் மட்டும் மேலிருந்து அந்தத் தொழிலாளர்களைப் பார்த்துக் கைகூப்பினார். அவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்.

அன்பர்களே! இப்பயணத்தால் எங்கள் வங்கிக் கணக்கு மெலிந்தது உண்மை. பேத்தியின் படிப்புக்கு அப்பணம் உதவியிருக்கும் என்பதும் உண்மை. ஆயினும் பணத்தை மறுபடி சேர்க்கலாம். பெற்றோரின் முழங்கால் வலிமையை மறுபடி சேர்க்க இயலாது. "ஓய்வு வரட்டும், பிள்ளை வேலைக்குப் போகட்டும்" என்று தள்ளிப்போடும் இல்லங்கள் இக்காலனியில் பல. கப்பல்தான் வேண்டும் என்பதில்லை; கடன் வாங்கிச் செல்லவேண்டும் என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். எலிபெண்டாத் தீவுக்குச் செல்லும் படகாயினும் போதும். நமக்காக உழைத்த கைகளைப் பிடித்து ஏற்றிவிட்டு, அவர்கள் பேசுவதைப் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.

சீட்டுப் பதிவு செய்யும்போது பெயரை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள் என்று மீண்டும் வேண்டுகின்றோம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!