சிற்றிலும் சிறுதேரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகள் கட்டி விளையாடும் பொருள்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று கூறியபோது நண்பர்கள் சிலர் வியந்தனர். "இலக்கிய விழாவில் பொம்மைக்கடைப் பேச்சு எதற்கு அம்மா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். அவருக்கு விடை கூறும் முயற்சியே இவ்வுரை.

விடையை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களுள் இரண்டில் தச்சுத்தொழில் உவமையாக வருகிறது. 87ஆம் பாடலில், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்திற்கு அதியமானை ஒப்பிடுகிறார். 206ஆம் பாடலோ பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது வாயில் காவலனை நோக்கிப் பாடியது. கோடரியோடு காட்டினுள் புகுந்த தச்சனின் கைத்திறம் வாய்ந்த சிறுவர்களுக்கு அக்காடு எவ்வாறு பயன்படுமோ, அவ்வாறே கலை வல்லார்க்கு எத்திசைச் சென்றாலும் சோறு கிடைக்கும் என்கிறார். தம் புலமையின் பெருமிதத்தைச் சொல்ல ஔவையார் தேர்ந்தெடுத்த உவமை சிறுவர்களின் கைகள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்கைகளுக்கு ஆடுபொருள்களும் இருந்தன. பட்டினப்பாலையில் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுச் சிறுவர்களே விரும்பும்படி செய்யப்பட்ட சிறுதேரை உருட்டி, நடை தளர்ந்த குழந்தைகள் பாலருந்தி உறங்குகின்றனர். குறுந்தொகை 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தச்சன் செய்த சிறிய வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே இளையோர் இன்புறுவர் என்கிறார். அது குழந்தையைச் சுமந்து செல்லாத வண்டி. ஆயினும் குழந்தைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவ்வண்டி தராததைக் குழந்தையின் கையும் கற்பனையும் தந்துவிடுகின்றன. விளையாட்டுப் பொருளின் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கும் என்பது என் கருத்து.

இனிச் சிற்றில். மணலைக் குவித்து, சுவர் எழுப்பி, அறை வகுத்துச் சிறுமியர் கட்டும் சின்னஞ்சிறு வீடு அது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பதை நாம் அனைவரும் அறிவோம். சிற்றில் பருவத்தில் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை கட்டுவதில்லை, சிதைக்க வருகிறான். கட்டியவர்கள் சிறுமியர், "சிதைக்காதே" என்று வேண்டுவோரும் அவர்களே. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுவதும் இவ்வேண்டுகோள்தான். நாளெல்லாம் முதுகு வலிக்க அமர்ந்து இழைத்த வீடு என்று அச்சிறுமியர் முறையிடுவது, தம் உழைப்பின் மதிப்பை அறிந்தவர்களின் குரலாகவே எனக்குக் கேட்கிறது.

இதனை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவியரிடம், "உங்களில் சிற்றில் கட்டியவர் யார்?" என்று கேட்பதுண்டு. ஒருமுறை கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "நாலாவது வரைக்கும் கட்டினேன் அம்மா. அப்புறம் தம்பியைப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். அன்று அதற்குமேல் பாடம் நடத்த என்னால் இயலவில்லை. நம் இலக்கியத்தில் கட்டுபவள் சிறுமி. இன்றைய கடையில் கட்டைகளும் கோட்டைகளும் சிறுவனுக்கு என்றும், சமையல் சொப்பும் தலைவாரும் பொம்மையும் சிறுமிக்கு என்றும் பெரும்பாலும் நாமே பிரித்து வாங்குகிறோம். சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நம் மாவட்டத்திற்கும் விரிவாக்க வேண்டியிருந்தது. அத்தகைய மண்ணில், ஒரு சிறுமி அமர்ந்து தன் விருப்பப்படி ஒரு வீடு கட்டுவதைச் சிறிய செய்தி என்று என்னால் கருத முடியவில்லை.

பிறரைக் குறை கூறுமுன் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது ஒரு பெட்டி நிறைய இணைப்புக் கட்டைகள் வாங்கி வந்தேன். பெட்டியின்மேல் அழகான கோட்டைப் படம். அவளோ கட்டைகளை நீளமாக அடுக்கி, "ஒகேனக்கல் பஸ்" என்றாள். நான் படத்தைக் காட்டி, "கோட்டை இப்படி இருக்க வேண்டும் பார்" என்று திருத்தினேன், மறுபடியும் திருத்தினேன். மூன்றாம் முறை அவள் கட்டைகளை என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்படின்னா நீயே கட்டிக்கோம்மா" என்று எழுந்து போனாள். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அன்று கிடைத்த பாடம் பெரிது. சிற்றில் சிதைக்கக் கால்கள்தாம் வேண்டும் என்பதில்லை. ஒரு தாயின் திருத்தமும் போதும்.

மேலைநாட்டிலும் இவ்வுண்மையை உணர்ந்தவர்கள் இருந்தனர். செருமானியக் கல்வியாளர் பிரோபெல் 1837இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களுக்கு அவர் இட்ட பெயர் 'பரிசுகள்'. மூன்றாவது பரிசு, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம், அவ்வளவே. 1851இல் பிரசிய அரசு இப்பள்ளிகளைத் தடை செய்தது. குழந்தை தானே சிந்திப்பதற்கு அஞ்சிய அரசுகளும் உலகில் இருந்திருக்கின்றன போலும்! பின்னர், நியூயார்க்கில் தச்சுவேலை பயின்ற ஆசிரியை கரோலின் பிராட், ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற அளவில் கனமும் அகலமும் நீளமும் அமைந்த வண்ணம் பூசாத மரக்கட்டைகளை வடிவமைத்தார். இன்றும் மழலையர் பள்ளிகளில் அக்கட்டைகளைக் காணலாம். உலகெங்கும் அறியப்பட்ட லெகோவைத் தொடங்கியவரும் டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் சிற்றூரைச் சேர்ந்த தச்சரே. 1932இல் அவர் மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். இன்றைய இணைப்புக் கட்டை 1958இல் காப்புரிமைக்குப் பதிவாயிற்று. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91 கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் இணைக்கலாம் என்று கணித்துள்ளனர்.

ஆறு கட்டையில் இத்தனை கோடியா என்று கவிஞர்களாகிய நீங்கள் வியக்க வேண்டியதில்லை. நேர், நிரை என்னும் இரண்டே அசைகள் நம்மிடம் உள்ளன. இரண்டிரண்டாக அடுக்கினால் நான்கு ஈரசைச்சீர். மும்மூன்றாக அடுக்கினால் எட்டு மூவசைச்சீர். சீரும் சீரும் பொருந்தும் இடத்தைத் தளை என்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் நாம் இட்ட பெயராகிய 'யாப்பு' என்பதற்கே கட்டுதல் என்றுதான் பொருள். சில கட்டைகளைக் கையில் கொடுத்து, கட்டுவதை உன்னிடம் விட்டுவிடுகிறேன் என்று சொன்ன மரபு நம்முடையது. அடி அகலமின்றி உயரம் நில்லாது என்பதைக் குழந்தைக்குச் சரிந்த கோபுரம் கற்பிக்கிறது. தளை தட்டியதைக் கவிஞனுக்குச் செவி உணர்த்துகிறது. இரண்டு இடத்திலும் அருகிருந்து அவசரமாகத் திருத்துபவர் தடையாகவே ஆகிறார்.

இதற்கு விலையுயர்ந்த பெட்டிகள் தேவையா? நம் மாவட்டத்துக் காட்டுமேடுகளில் வளர்ந்தவர்களுக்கு விடை தெரியும். நுங்கு தின்று எஞ்சிய இரண்டு பனங்காய்க் கூடுகளை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடினோம். சோளத்தட்டையின் பட்டையை உரித்து, உள்ளிருக்கும் நெட்டியைத் துண்டுகளாக்கி, பட்டைச் சிம்பையே ஆணியாகக் குத்தி மாட்டுவண்டி செய்தோம். பழமையைப் புகழ்வது மட்டுமே என் நோக்கமன்று. அன்று சிம்பு கீறிய விரல்களும் உண்டு. விளையாட நேரமின்றி ஆடு மேய்த்த பிள்ளைகளும் உண்டு. இன்றைய இணைப்புக் கட்டைகளும் நல்லவையே. ஆனால் பொத்தானை அழுத்தினால் தானே ஓடி, தானே பாடும் பொம்மை, பார்த்திருப்பதைத் தவிர வேறொன்றையும் குழந்தைக்கு மிச்சம் வைப்பதில்லை. கைப்பேசித் திரையோ அதனினும் கொடிது.

எனவே, பத்தாண்டு நிறைவை முன்னிட்டு நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். மரப்பட்டறைகளில் மிஞ்சும் கட்டைத் துண்டுகளைக் கேட்டுப் பெறுவோம். ஒரே அளவுமுறையில் அறுத்து, சிம்பு இல்லாமல் நன்றாக இழைத்து, வண்ணம் பூசாமல் அருகிலுள்ள அங்கன்வாடிகளுக்கு வழங்குவோம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளாதபடி துண்டுகள் பெரியனவாக இருக்கட்டும். பெண் குழந்தைகளின் கையில் முதற்கட்டை சேரட்டும். மாதம் ஒருமுறை நம்மில் இருவர் சென்று அவர்களுடன் தரையில் அமர்வோம். கற்பிக்க வேண்டாம். "இது என்ன?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் கதையைக் கேட்டுவந்தால் போதும். அக்கதைகளிலிருந்து நம் கவிஞர்களுக்குச் சில புதிய உவமைகள் கிடைக்கக்கூடும்.

என் மகளின் 'ஒகேனக்கல் பஸ்' அன்று புறப்படாமலே நின்றுவிட்டது. இப்போது அவள் வளர்ந்துவிட்டாள்; நான் மறுபடி கேட்டாலும் அந்தப் பேருந்தை அவளால் கட்ட முடியாது. இனி வரும் குழந்தைகளின் வண்டிகளையேனும் நாம் மறிக்காதிருப்போம்.