கணினியின் காலும் நாஞ்சில் நாட்டு மடையும்

(நாகர்கோயிலில் மாணவரிடை ஆற்றிய உரை)

 

நாஞ்சில் என்றால் ஏர். ஏரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மண்ணில் நின்று கணினியைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

சென்ற திங்கள் மாணவன் ஒருவன் கெட்டுப்போன பலகை ஒன்றை என் கையில் வைத்தான். உழவரான அவன் தந்தை நெல் விற்ற காசில் வாங்கித் தந்தது. "கால்களின் பெயரெல்லாம் ஆங்கிலத்தில் நெட்டுருவாகத் தெரியும் ஐயா, ஏன் கெட்டதென்றுதான் தெரியவில்லை" என்றான். பெயர் தெரிந்தது, பொருள் தெரியவில்லை! விளங்காத மொழியில் நெட்டுருச் செய்யும் கல்விக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்.

அஃது இராசுபெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி. இங்கிலாந்தில் உருவாகி, 2012-இல் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. உள்ளங்கை அளவே உடையது. 2014 முதல் வெளிவந்தவற்றுள் பெரும்பாலானவற்றின் ஓரத்தில் இரு வரிசையாக 40 ஊசிக்கால்கள் நிற்கின்றன.

கால் என்னும் நம் சொல்லை எண்ணிப் பாருங்கள்! நிற்பதற்கும் கால், நீர் செல்வதற்கும் கால். 1906-இல் கட்டிமுடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் தோவாளைக் கால்வாயிலும் அனந்தனாற்றுக் கால்வாயிலும் ஓடி வயலை அடைவதைக் கண்டவர் நீங்கள். நீர்மட்டத்தின் உயரம் போன்றது மின்னழுத்தம். ஓடும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம்.

அந்த 40 கால்களுள் 2 கால்கள் 5 வோல்ட்டும், 2 கால்கள் 3.3 வோல்ட்டும் தருவன. இவை எப்போதும் திறந்திருக்கும் மதகுகள். 8 கால்கள் நிலக்கால்கள்: மின்னோட்டம் திரும்பும் வடிகால் அவையே, அழுத்தத்தை அளக்கத் தொடங்கும் அடிமட்டமும் அவையே. எஞ்சிய 28 கால்களும் நம் ஆணைக்குத் திறந்து மூடும் மடைகள். அவற்றுள் 2 துணைப்பலகையை அடையாளங் காண ஒதுக்கப்பட்டவை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கால் நிற்கும் இடத்தின் எண் வேறு, நிரலில் அதனை அழைக்கும் எண் வேறு. 11-ஆம் இடத்துக் காலின் நிரலெண் 17.

ஒரு மடையை உள்வாங்கு காலாகவும் ஆக்கலாம். வெளியிடு காலாகவும் ஆக்கலாம். உள்வாங்கு கால் கேட்கும். வெளியிடு கால் சொல்லும். அழுத்தம் 3.3 வோல்ட்டை ஒட்டியிருப்பின் ஒன்று. அடிமட்டத்தை ஒட்டியிருப்பின் சுழி. குளத்து மிதவை உயர்ந்து, 3.3 வோல்ட்டுக் காலையும் உள்வாங்கு காலையும் தொடுத்தால், கணினி 'ஒன்று' எனக் கேட்டு, வெளியிடு கால்வழி விளக்கேற்றும். மிதவை தாழ்ந்திருக்கையில் உள்வாங்கு கால் பற்றுக்கோடின்றித் தொங்கினால் ஒன்றுக்கும் சுழிக்கும் இடையே தடுமாறும். ஆதலின் தடையம் ஒன்றால் அதனை நிலக்காலோடு பிணைத்தல் வேண்டும்.

அம் மாணவன் செய்த பிழை யாது? 5 வோல்ட்டு விடுக்கும் உணரியை உள்வாங்கு காலில் நேரே இணைத்தான். 3.3 வோல்ட்டு தாங்கும் மடையில் 5 வோல்ட்டு வெள்ளம் பாய்ந்தது, கரை உடைந்தது! வெளியிடு காலுக்கும் எல்லை உண்டு: 16 மில்லி ஆம்பியருக்கு மேல் அதனிடம் கேட்கலாகாது. சிறிய ஒளியுமிழியையும் 330 ஓம் தடையம் இட்டே இணைக்க வேண்டும். நீரிறைக்கும் மின்னோடியை நேரே பூட்டவே கூடாது. ரிலே எனப் பட்டறையில் வழங்கும் இடைமாற்றியை, அதற்குரிய இயக்குசுற்றோடு இடையே வைத்தல் வேண்டும்.

இதனை மடையென்று விளக்கியபோது, உடன் வந்த தந்தையே முதலில் புரிந்துகொண்டார். "வரத்து அறியாமல் மடையைத் திறந்துவிட்டானா?" என்றார். பள்ளியே காணாத அவருக்கு விளங்கியது, பன்னிரண்டு ஆண்டு படித்த மகனுக்கு அதற்குப் பின்னரே விளங்கிற்று!

வோல்ட்டாவும் ஆம்பியரும் அறிஞர்கள். அவர்தம் பெயர்களை அளவைப் பெயர்களாக நன்றியோடு வழங்குவோம். பொருளை உணர்த்தும் சொற்களையோ நம் வயலிலிருந்து எடுப்போம். 2018-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைத்த 'சக்தி' செயலி இயங்கிக் காட்டியது. செயலியையே வடிக்க வல்ல நாட்டில், கணினியின் காலை விளக்கத் தமிழ் போதாதென்பது யார் குறை? தமிழின் குறையன்று, சொல்ல முயலாத நம் குறை.

மாணவத் தோழர்களே! 40 கால்களையும் தமிழில் வரைந்து உங்கள் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். வெறும் பெயர்மாற்றத்தோடு நிற்காமல், ஒரு விளக்கையேனும் ஏற்றிக் காட்டுங்கள். அறிந்து திறக்கும் மடையே வயலை வாழ்விக்கும்!