டெனேரிஸின் இரத்தத்தில் என்ன இருந்தது?



'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முழுக்கப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். சரி, பாதிக்கு மேல். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும், முடிவைச் சொல்லப் போகிறேன்.

ஒரு படைக்காக அண்ணனால் விற்கப்பட்ட பெண் டெனேரிஸ். அஸ்டபோரில் அடிமை வியாபாரியை டிராகனை விட்டு எரித்து, 8,000 அடிமை வீரர்களை விடுவித்தபோது நானும் கைதட்டினேன். 2019 மே மாதம், சரணடைந்த மணி அடித்த பிறகும் ஒரு நகரத்தையே குழந்தை குட்டிகளோடு எரித்தாள். ஒரே நாளில் எப்படி மாறினாள் என்று பலரும் கொதித்தார்கள். கடைசி சீசனை ஆறே எபிசோடில் அவசரமாக முடித்தார்கள் என்பது உண்மைதான்.

ஆனால் தொடர் ஒரு விடையைக் கையில் வைத்திருந்தது: டார்கேரியன் இரத்தம். அப்பா பைத்தியக்கார அரசன். அந்தக் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் கடவுள்கள் நாணயம் சுண்டுவார்களாம். என் சண்டை இதோடுதான். பிறப்புதான் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதை ஊரில் எதிர்க்கிற நாம், டிராகன் பறக்கிற கதையில் மட்டும் ஒத்துக்கொள்வதா?

மீரீனைப் பாருங்கள். எஜமானர்கள் 163 அடிமைக் குழந்தைகளை மைலுக்கு ஒன்றாக அறைந்து வைத்திருந்தார்கள். பதிலுக்கு 163 எஜமானர்களை அறையச் சொல்கிறாள். யார் செய்தது என்ற விசாரணை இல்லை, கணக்கு சரியானால் போதும். பிறகு ஒருவன் வருகிறான். அந்தக் கொலைகளை எதிர்த்துப் பேசியவர் என் அப்பா, அவர் உடலையாவது கொடுங்கள் என்கிறான். அவன் சொன்னது உண்மையா? விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்த சீசனில் மோசடார். அடிமையாக இருந்து அவளுடைய ஆலோசனை அவைக்கு வந்தவன். எஜமானர்களின் கொலைக் கும்பலைச் சேர்ந்த கைதியை விசாரணைக்கு முன்பே கொன்றுவிடுகிறான். சட்டம் சட்டம்தான் என்று ஊர் நடுவே அவன் தலையை வெட்ட வைக்கிறாள். அவள் விசாரிக்காமல் 163 பேரைக் கொன்றால் நீதி, அவன் ஒருவனைக் கொன்றால் குற்றம். அவளை அம்மா என்று கூப்பிட்ட ஜனம் அன்றைக்குச் சீறியது. எனக்கு அந்தச் சீறல் ரொம்பத் தாமதமாகத்தான் காதில் விழுந்தது.

அத்தனை சங்கிலிகளை உடைத்தவள் ஒன்றை மட்டும் விடவேயில்லை: சிம்மாசனம் எனக்குப் பிறப்பால் உரியது என்பதை. அதனால்தான் ஜானுக்குத் தன்னைவிட வலுவான பிறப்புரிமை இருப்பது தெரிந்ததும் ஆடிப்போகிறாள். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுகிறாள். இரத்தத்தை நம்பியவளுக்கு வேறு வழியில்லை.

அவள் செத்த பிறகு அடுத்த அரசனைத் தேர்ந்தெடுக்கப் பிரபுக்கள் கூடுகிறார்கள். எல்லா மக்களையும் கேட்போமே என்று சாம் சொல்கிறான். அப்படியானால் நாய்க்கும் ஓட்டு கொடுக்கலாமே என்கிறார் ஒருவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரைக்கூட நாம் வில்லன் என்று சொல்லவில்லை.