விழா இரவில் விழிப்பு



மேல்நாட்டார் அக்டோபர் 31இல் பேய் வேடம் பூண்டு களிக்கும் இரவு ஹலோவீன். நம் தோட்டங்களிலோ மாசியில் காமன் கூத்து. விடிய விடிய வேடமும் தீப்பந்தமும் உண்டு. இரவில் கூடிக் களிப்பது குற்றமன்று, கவனமின்மையே குற்றம்.

2022 அக்டோபர் 29இல், தென்கொரியாவின் சியோல் நகரில், இத்தேவோன் என்னுமிடத்து ஒடுங்கிய சந்தொன்றில் ஹலோவீன் கூட்டம் நெரிந்து 159 உயிர்கள் பலியாயின. நம் நாட்டவர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர். கொன்றது பேயன்று, மூச்சுவிட இடமின்மை.

ஆகவே கூட்டம் இறுகுமுன்னே விலகுவோம். அகப்பட்டால் கைகளை மார்புக்கு முன் மடித்து, எதிர்த்துத் தள்ளாது, ஓரமாக நகர்வோம். விழுந்த பொருளை எடுக்கக் குனியோம். பந்தத்தருகே நைலான் உடை வேண்டாம்.

வீடு திரும்பும் வழியிலும் விழிப்பு வேண்டும். 2025 செப்டம்பர் 4 இரவு, எல்ல–வெல்லவாய வீதியில், சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். மலைப்பாதை எவர்க்கும் தயை காட்டாது. குடித்தவரோ கண்விழித்துக் களைத்தவரோ ஓட்டும் வண்டியில் ஏறோம். விடியும்வரை கோவிலடியிலேயே தங்குவோம்.

பெரியோர்களே, எங்களைத் தடுக்காதீர்கள். உங்களுள் ஒருவரை எங்களுடன் அனுப்புங்கள். சேர்ந்து சென்ற யாவரும் சேர்ந்தே திரும்புவோம்.